பலாமரத்தில் தொங்கிய இன்ஜின்

என்னங்க,

விலைமதிக்க முடியாத ஒரு சத்தத்தை ஆறு பலாப்பிஞ்சு கொடுத்து வாங்கிவிட்டேன். எங்கப்பாவின் பத்மினி கார் இன்று காலை ஸ்டார்ட் ஆகிவிட்டது! டவுன்ஷிப் வாசலில் உள்ள ஆர்ச் கேட் வரை ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

நீங்கள் டிரெய்னிங் போயிருந்த இந்த வாரத்தில், நானும் மெக்கானிக் தமிழ்மாறன் அண்ணனும் பலாக்கிளையில் சங்கிலிக் கப்பியைக் கட்டி, பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு மாருதி இன்ஜினை இறக்கினோம். கிளை ஆடிய ஆட்டத்தில் உதிர்ந்த ஆறு பிஞ்சும்தான் ஃப்ரிட்ஜில் இருக்கும் கூட்டு. சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். அங்கே ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

டிரெய்னிங்குக்குக் கிளம்பும்போது என்ன சொன்னீர்கள்? "வெண்மதி, நான் வர்றதுக்குள்ள இது ஓடுச்சுன்னா, நம்ம டவுன்ஷிப் பிளாக்கே பார்க்க உன் பக்கத்துல உக்காந்து வர்றேன். ஓடலன்னா எடைக்குத்தான்!" எதிர்வீட்டு எழில்மதி சாட்சி.

நீங்கள் வரச்சொன்ன பழைய இரும்புக்காரர் நாலு மணிக்கு வருவார். "முழு வண்டின்னுதானே சார் சொன்னீங்க?" என்று முறைப்பார். பழைய இன்ஜினை மட்டும் காட்டுங்கள். முதலில் சொல்லும் விலைக்குச் சிரித்தால் போதும், வாயைத் திறக்காதீர்கள். நீங்கள் பேரம் பேசினால் நம் ஸ்கூட்டரும் சேர்ந்து போய்விடும். நான் முந்திரி வியாபாரி மகள், சொன்னால் கேளுங்கள்.

அப்பாவை அழைத்துவர முத்தாண்டிக்குப்பம் போகிறேன், அதே காரில்.

பி.கு.: புது இன்ஜின் கொஞ்சம் உயரம், பானட் மூடவில்லை. துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டியிருக்கிறேன். உங்கள் சட்டைகள் கதவுமேல் காய்கின்றன.

கணக்கு: என் பற்று, ஒரு கொடிக்கயிறு. உங்கள் பற்று, முன்சீட்டில் ஒரு சவாரி. ஆறு மணிக்கு வாசலில் ஹார்ன் அடிப்பேன். உங்கள் மாமனார் பின்சீட்டில் இருப்பார், தவணை கிடையாது.