நான் துடைத்த கண்ணாடி

மச்சான்,

இன்று காலை உன் வீட்டு காஸ் பொய்லரைச் சுவரிலிருந்து கழற்றினேன். உன் பழையது இல்லை, நீ போன பிறகு நான் பூட்டிய புதியது. எஸ்பியர்க்கில் உங்கள் தெருவுக்கும் நகரத்துச் சுடுநீர்க் குழாய் வந்துவிட்டது. இனி வீட்டைச் சூடாக்க வீட்டுக்கு வீடு காஸ் எரிக்கத் தேவையில்லை. மீற்றரடியில் காஸை மூடினேன். குழாயில் மிஞ்சியதை வெளியே விட்டு முனையை அடைத்தேன். சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. பிறகு பொய்லரைத் தோளில் தாங்கி மெல்ல இறக்கினேன்.

பின்னால் இருந்த சுவர் மஞ்சளாக இருந்தது. உன் மனைவி பொய்லர் இருந்த அந்தப் பின்னறைக்கு இரண்டு தரம் வெள்ளை அடித்துவிட்டாள், ஆனால் பொய்லருக்குப் பின்னால் தூரிகை போகவில்லை. நீ பொரித்த எண்ணெயின் பிசுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். வறுத்த செத்தல் மிளகாய் மணம். ஏழு வருசமாகியும் போகவில்லை. எனக்கு அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பூச்சு அடிக்க முதல் இந்தப் பிசுக்கைக் கழுவ வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இப்படித்தான் இருக்கிறேன். உன் செத்தவீட்டிலும் இப்படித்தான் இருந்தேன். மாதா கோயிலில் எல்லாரும் விம்மிக்கொண்டிருக்க, எனக்குப் பக்கத்தில் கோயிலைச் சூடாக்கும் ரேடியேற்றர் மேல்பாதி குளிர்ந்து கிடந்தது. காற்று அடைத்திருக்கிறது, திறந்துவிட்டால் சரி என்று நினைத்தேன். பூசை முடியும் வரைக்கும் அதைத்தான் நினைத்தேன்.

டென்மார்க்குக்கு வந்த புதிதில் டெனிஷ் படிக்கப் போன வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம், நீ மன்னார், நான் யாழ்ப்பாணம். நான் குழாய் வேலை படித்தேன், பிறகு காஸ் வேலைக்கும் சான்றிதழ் எடுத்தேன். நீ மீன் தொழிற்சாலைக்குப் போனாய். "உனக்கும் எனக்கும் கை மணக்கும் மச்சான், ரெண்டு பேரையும் ஒருத்தரும் நடனத்துக்குக் கூப்பிடாயினம்" என்று சிரிப்பாய். மூடிக்கிடக்கும் பெட்டியை மூக்கால் பார்த்தே இன்றைய மீனா நேற்றைய மீனா என்று நீ சொல்வதை உன் மேலாளரே ஆட்களைக் கூட்டிவந்து காட்டுவாராம். அந்த மூக்கில் உனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

எல்லாம் மணத்தில்தான் தொடங்கியது. பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா உடுப்புக் காயப்போடும் நேரத்தில் நீ மீன் பொரித்தாய். அவர் சண்டைக்கு வரவில்லை. தபால் பெட்டிக்குள் ஒரு சின்னக் கடிதம் போட்டார், கீழே சிரிக்கும் முகம் ஒன்றும் கீறியிருந்தார். அந்தச் சிரித்த முகம்தான் உன்னைச் சுட்டது. "பேசியிருந்தாக்கூடப் பரவாயில்லை. எங்கட மணத்தால அவைக்கு ஏன் கரைச்சல்?" என்று அடுப்பையே குசினியிலிருந்து தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோனாய். இங்கே எங்கள் ஆட்கள் முக்கால்வாசிப்பேர் செய்வதுதான். உடுப்புத் தோய்க்கிற மெசினும் பொய்லரும் இருக்கிற அறையில் ஒரு மின் அடுப்பை வைத்து, மிளகாய் வறுப்பதும் மீன் பொரிப்பதும் அங்கே, விருந்தாளிக்குக் காட்டுவதற்கு உள்ளே ஒரு பளிச்சென்ற குசினி.

நீ அதோடு நிற்கவில்லை. மூடப்போன ஒரு பீட்சாக் கடையிலிருந்து புகை இழுக்கும் ஃபான் ஒன்றைக் கொண்டுவந்து, தெருப்பக்கச் சுவரில் நீயே ஓட்டை போட்டுப் பூட்டினாய். போட்டால் வீடே எழும்பிப் பறக்கிற மாதிரிச் சத்தம். "என்ர ஹெலிக்கொப்டர்" என்று பெயர் வேறு. பக்கத்து வீட்டுப் பக்கம் சுவரின் அடியில், பொய்லருக்குக் காற்று வரவென்று கம்பித்தட்டி போட்ட துவாரம் ஒன்று இருந்தது. அதால் மணமும் போகக்கூடாது, குளிரும் வரக்கூடாது என்று பழைய துவாய் ஒன்றை மடித்து அதற்குள் இறுக்கினாய்.

உன் பழைய பொய்லர் அறைக்குள் இருக்கிற காற்றை எடுத்துத்தான் எரியும். எரிந்த புகை புகைபோக்கியால் மேலே போகவேண்டும். துவாரத்தை அடைத்துவிட்டு அவ்வளவு பெரிய ஃபானைப் போட்டால் ஃபானுக்குக் காற்று எங்கேயிருந்து வரும்? புகைபோக்கியால் கீழே வரும். போகவேண்டிய புகையையும் கூட்டிக்கொண்டு வரும். இதைப் படித்தவன் நான். உனக்கு அது தெரியவேண்டிய கட்டாயம் இல்லை.

அந்தக் கார்த்திகை மாதம் சேர்விஸுக்கு வந்தேன். அடுத்த நாள் உன் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். இருபது பேருக்குச் சொல்லியிருந்தாய், எனக்கும்தான். நீ பின்னறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாய், ஹெலிக்கொப்டர் இரைந்துகொண்டிருந்தது. நான் துவாயை உருவி மெசினின் மேலே போட்டேன். "இதை இனி அடைக்காதை" என்றேன். "ஓமடா" என்றாய். கதவு சாத்தியபடி, ஃபான் ஓடியபடி, என் நீளக் காம்புக் கண்ணாடியைப் பொய்லரின் புகை வாயடியில் பிடித்தேன். பல்வைத்தியர் வைத்திருப்பாரே, அதுபோல ஒன்று, கொஞ்சம் பெரிது. புகை ஒழுங்காக மேலே போனால் அது தெளிவாக இருக்கும். அறைக்குள் திரும்பினால் பனி பிடித்த மாதிரி மங்கும்.

துவாயை எடுத்த பிறகும் மங்கியது மச்சான். ஒரு மூச்சு எடுத்து விடுவதற்குள் முழுவதும் மங்கிவிட்டது.

அந்த இடத்தில் நான் செய்யவேண்டியது ஒன்றுதான். காஸை மூடி, சிவப்பு அட்டையைக் கட்டி, வேறு பொய்லர் வரும்வரை எரிக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைப்பது. வெளியே உறைபனி. உள்ளே பலூன் கட்டியாயிற்று. பிறந்தநாளன்று இருபது பேரும் ஜக்கெற்றோடு இருந்து கேக் சாப்பிடுவதையும், நீ என்னைப் பார்க்கும் பார்வையையும் நினைத்தேன். நீ சட்டியோடு மினக்கெட்டுக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றாய். திரும்ப முன்னம் கண்ணாடியைக் காற்சட்டையில் துடைத்தேன்.

"எல்லாம் ஓகேயோ?" என்றாய்.

"ஓம் ஓம். ஃபானைப் போட்டால் ஜன்னலைத் திற. தை மாதம் வந்து இதைக் கழற்றிப்போட்டு, வெளிக்காற்றில எரியிற புதுசு ஒண்டு பூட்டிவிடுறன்."

"இந்தக் குளிருக்க ஜன்னலையோ! பயப்பிடாதை, ஏதும் பிழையெண்டால் முதல்ல என்ர மூக்குக்குத் தெரியும்."

இந்தப் புகையின்ர நஞ்சு மணக்காதடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீ சூட்டோடு சூடாக ஒரு ரோல்ஸை வாய்க்குள் வைத்துவிட்டாய். நல்ல ருசி. இன்னொன்றும் எடுத்தேன். பிறகு சேர்விஸ் தாளில் 'ஃபானும் பொய்லரும் ஒன்றாக ஓடக்கூடாது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டது' என்று எழுதினேன். கண்ணாடியைப் பற்றி எழுதவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் உன் மனைவி போன் எடுத்தாள். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவள். மகள் கோயிலில் பாட்டுப் பழகப் போயிருந்தாள். "அண்ணை, அம்புலன்சுக்கு அடிச்சிட்டன். இவர் எழும்புறாரில்லை." நான் வரும்போது ஆட்கள் உன்னை வெளியே எடுத்துவிட்டார்கள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருந்தது. ஹெலிக்கொப்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் நிற்பாட்டினேன். நீ அடுப்பை அணைத்து, நத்தார்ப் பண்டிகைக்குப் பொரித்த முறுக்கை ரின்னில் அடுக்கி மூடி, களைத்துப்போய்ப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்திருக்கிறாய். துவாய் திரும்பவும் துவாரத்துக்குள் இருந்தது.

விசாரிக்க வந்தவர்கள் துவாயைப் பார்த்தார்கள், ஃபானைப் பார்த்தார்கள், என் தாளை வாசித்தார்கள். தலையாட்டினார்கள். காகிதத்தில் நான் சுத்தம். கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நீ போன பிறகு உனக்கு நான் செய்த பெரிய அநியாயத்தை இனித்தான் சொல்லப்போகிறேன். உன் மனைவி அந்தத் தாளை நம்பினாள். முதலாம் ஆண்டுப் பூசைக்கு வந்த சனத்துக்கு முன்னால், "அண்ணை படிச்சுப் படிச்சுச் சொன்னவர். இந்த மனுசன் கேட்டால்தானே! குளிருது குளிருது எண்டு எங்களைத் தெருவில விட்டுட்டுப் போட்டுது" என்றாள். நான் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் அதையே சொன்னாள், அப்போதும் நான் மறுக்கவில்லை. இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் சேர்விஸுக்குப் போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்வோம் என்றுதான் போவேன். பொய்லரைத் துடைப்பேன், அளப்பேன், அந்த மணமில்லாத நஞ்சைக் கண்டுபிடிக்கச் சுவரில் மாட்டிய காபன் மொனொக்சைட் அலாரத்தை அமத்திக் கத்தவைத்துப் பார்ப்பேன், தேத்தண்ணி குடிப்பேன், வந்துவிடுவேன். உன் மகள் ஒருநாள் தன் சிநேகிதியிடம், எங்கப்பா யார் சொன்னாலும் கேளாத ஆள், அதனால் செத்தவர் என்று டெனிஷில் சாதாரணமாகச் சொல்வது காதில் விழுந்தது. நான் பைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தாமல் முறுக்கினேன். அந்த நேரம் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது என்று சொல்ல ஆசை. ஒன்றும் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

இன்றைக்குப் பொய்லரை இறக்கின பிறகுதான் விளங்கியது, இனி எனக்கு அந்த வீட்டுக்குப் போகக் காரணமில்லை. சொல்வதென்றால் இன்றைக்குச் சொல்லவேண்டும், இல்லையென்றால் ஒருநாளும் இல்லை.

உன் மனைவி சுவரைப் பார்க்க வந்தாள். கையால் தடவி மணந்து பார்த்தாள். "பாருங்கோ அண்ணை, போயும் ஊத்தையை எனக்கு விட்டிட்டுப் போயிருக்கு. ஒரு ஜன்னலைத் திறந்திருந்தால் என்ன?" என்றாள். பின்னால் வாசல் நிலையில் சாய்ந்தபடி மகள். உன் உயரம் வந்துவிட்டாள்.

"தங்கச்சி, அவரைப் பேசாதையுங்கோ" என்றேன். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. ஃபான் ஓடியதை, கண்ணாடி மங்கியதை, காஸை மூடியிருக்கவேண்டும் என்பதை, பலூனை, ரோல்ஸை, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் ஒரு இயந்திரத்தின் கையேட்டை வாசிப்பதுபோல் இருந்தது. முடிந்ததும் அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மங்கினதை அவர் பாத்தவரோ?"

"இல்லை. அவர் திரும்ப முன்னம் துடைச்சுப்போட்டன்."

மகள் டெனிஷில் கேட்டாள், அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரியாதா என்று. "தெரியாதம்மா" என்றேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் சுவரைப் பார்த்தாள்.

"ஏழு வருசம்" என்றாள் உன் மனைவி. "ஏழு வருசமா நான் அந்த மனுசனுக்கு மெழுகுதிரி கொளுத்தேக்கயும் பேசிக்கொண்டுதான் கொளுத்தினனான்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்குமோ தெரியவில்லை. நான் ஸ்பானர் சாவிகளைப் பெட்டிக்குள் அடுக்கினேன். பொய்லரை வண்டிலில் ஏற்றி வெளியே தள்ளிக்கொண்டு போனேன். வழக்கமாக வாசல்வரை வந்து "போட்டு வாங்கோ அண்ணை" என்பாள். இன்று அறைக்குள் இருந்தபடியே, "கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்றாள். வாங்கோ என்று சொல்லவில்லை. சாத்தினேன். சாத்தும்போது மகளின் குரல் கேட்டது. தாயோடு எப்போதும் டெனிஷில் கதைக்கிறவள், தமிழில், "அம்மா, அப்பா எப்பிடிப்பட்ட ஆள்?" என்று கேட்டாள். முதல்தரம் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள். பதில் எனக்குக் கேட்கவில்லை. அது எனக்குரியதும் இல்லை.

என் வேலை வான் வண்டிக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். நாளை எட்டு மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு வீடு, அங்கே இன்னும் பழைய பொய்லர்தான். உனக்குப் பிறகு நான் எத்தனையோ வீட்டில் காஸை மூடியிருக்கிறேன். பிள்ளைப்பெத்த வீட்டில், நத்தாருக்கு முதல் நாளில், எங்கள் ஆட்கள் வீட்டிலும் டெனிஷ்காரர் வீட்டிலும். இரக்கமில்லாதவன் என்று பெயர் எடுத்துவிட்டேன், அது சரிதான். மின் ஹீற்றர் இரண்டை வண்டியில் வைத்திருக்கிறேன், கொடுத்துவிட்டு வருவேன்.

அதே கண்ணாடிதான் மச்சான். மாற்றவில்லை. மங்கினால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் முகத்துக்கு முன்னால் பிடித்து, "பாருங்கோ" என்பேன். அவர் பார்த்துவிட்டேன் என்று வாயால் சொல்லும்வரை நான் அதைத் துடைப்பதில்லை.