ஹாலில் இரண்டு இருமல்

ஜனவரி 6, செவ்வாய்

டெல்லிப் பனிமூட்டம். எதிர் பிளாக்கே தெரியவில்லை. மூக்கடைப்பு. ஆபீஸில் எங்கள் செக்‌ஷனில் நாலு பேருக்கு இருந்தது, ஐந்தாவது நான்.

வாங்க வேண்டியவை: இஞ்சி, மிளகு, தைலம், கைக்குட்டை (எல்லாம் எங்கே போகின்றன?).

விநோதம் என்னவென்றால், பகலெல்லாம் ஒன்றுமில்லை. ஃபைல் பார்த்தேன், கேன்டீனில் இரண்டு சமோசா. ராத்திரி தலையணையில் தலை வைத்ததும் ஆரம்பம். மூக்கு ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் திரும்பிப் படு. உடனே அந்தப் பக்கமும். அப்புறம் இருமல். இவருக்கு விடிகாலை டியூட்டி. பன்னிரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார்.

"மல்லிகா, இது இருமலா, ஜெனரேட்டரா?"

தலையணையோடு ஹாலுக்கு வந்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே ஆள். செல்வி. கொழுந்தன் முருகேசனின் மனைவி, நர்சரி டீச்சர். பிள்ளைகள் கொடுத்த சளி. அவளையும் துரத்தியாயிற்று. இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ், ஜோடிக்கு ஒரு ரூம். நோயாளிக்கு ஹால்தான்.

நானும் அவளும் பேசி நாற்பது நாள். அவள் திவானில், நான் தரையில் மெத்தை போட்டு. ஒரு வார்த்தை இல்லை. அவள் இருமினாள், நான் இருமினேன். விடியும்வரை.

ஜனவரி 7, புதன்

காலையில் குரல் மணி மாதிரி. அதிசயம்.

அடுப்படியில் மூன்றடி தள்ளி நின்றுகொண்டு செல்வி வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறாள்: "தோசை மாவு காலி." நான் கட்டைவிரல் போட்டேன். மொத்தமே நாலு பேர் உள்ள குரூப். இவர் தலையில் அடித்துக்கொண்டார்: "ரெண்டு பேரும் ஒரே அடுப்படிலதான நிக்குதீங்க?"

காரணம், எழுதிவிடுகிறேன். நவம்பர் கடைசியில் காய்கறி வண்டிக்காரன் கேட்டான்: "ஆன்ட்டி, சோட்டி பாபி நோய்டா போறாங்களாமே, வீடு பாத்தாச்சாமே?" சோட்டி பாபி என்றால் சின்ன அண்ணி, செல்விதான். ஆறு வருஷம் ஒரே அடுப்பு. எனக்கு விஷயம் காலிஃப்ளவரோடு வந்து சேர்கிறது. நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மத்தியானம் டிஸ்பென்சரி. டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தால் ஒரு தும்மல்கூட வரவில்லை. மானம் போயிற்று. "ராத்திரிதான் மேடம், சத்தியமா" என்றேன். சிரித்தார். எல்லாருக்கும் அப்படித்தானாம். படுத்தால் மூக்கில் ரத்த ஓட்டம் கூடி வீங்குமாம், சளி பின்பக்கமாகத் தொண்டையில் இறங்குமாம், அதுதான் இருமல். பகலில் கார்ட்டிசால் என்று ஒரு ஹார்மோன் வீக்கத்தை அடக்கி வைக்கும், ராத்திரி அது குறையும். கிருமியோடு உடம்பு மும்முரமாக மல்லுக்கட்டுவதும் அப்போதுதானாம். ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துபோகும். "பகல்ல நூறு வேலை, உங்களை நீங்களே கவனிக்கறதில்லை. ராத்திரி கவனிக்க வேற என்ன இருக்கு?"

மருந்து: தலைக்கு இரண்டு தலையணை, ஆவி, வெந்நீர், பொறுமை. கடைசியது ஸ்டாக் இல்லை.

ராத்திரி ஒரு மணி. வெந்நீர் வைத்து ஹாலுக்குக் கொண்டுவந்தேன். செல்வி மூச்சுவிடத் திணறிக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை நடுவில் வைத்தேன். பெரிய போர்வை, உள்ளே இரண்டு தலை.

"அக்கா, கண்ண மூடிக்கிடுங்க. எரியும்."

நாற்பத்தோராம் நாள்.

ஜனவரி 8, வியாழன்

கடும் குளிர். கீசர் மக்கர்.

காலையில் நானாகப் பேசலாம் என்று அடுப்படிக்குப் போனேன். செல்வி முகத்தைப் பார்க்கவில்லை. ஃபோன் அதிர்ந்தது: "கேஸ் புக் பண்ணியாச்சு." ராத்திரி நடந்தது கனவா? கோபம். ஆபீஸில் இரண்டு கடிதத்தைத் தப்பாக அனுப்பப் பார்த்தேன்.

ராத்திரி மறுபடி அதே போர்வை. இம்முறை நானே கேட்டுவிட்டேன், இருட்டு கொடுத்த தைரியம்.

"என்கிட்ட ஏன் சொல்லல, செல்வி?"

மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "அவுக ஆபீஸ் நோய்டாக்கு மாறிட்டுல்லா. போகவர மூணு மணி நேரம். ஆளு பாதியாயிட்டாக. உங்ககிட்ட சொன்னா, 'சரி, போங்க'ன்னு பட்டுனு சொல்லிருவீயளோன்னு பயம்."

"போகாதேன்னுதான் சொல்லியிருப்பேன்."

"அது அதவிட பயம்க்கா. நீங்க சொன்னா நான் இருந்துருவேன். அவுக அலைஞ்சே செத்துருவாக."

"காய்கறிக்காரனுக்குச் சொல்ல மட்டும் பயமில்லையாக்கும்?"

"அவன்கிட்ட நோய்டால காய் என்ன வெலைன்னுதான் கேட்டேன். அவனாக் கத கட்டிட்டான்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல், இருமினால் மறுபடி சிரிப்பு. உள்ளேயிருந்து இவர் குரல்: "ஏ, மனுஷன் தூங்கவேண்டாமா?" அழுததும் உண்டு. ஆவியில் எது கண்ணீர், எது மூக்கு, தெரியவில்லை.

காலையில் ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "வெளிச்சத்துல உங்க மூஞ்சியப் பாத்தா வெக்கமா இருக்குக்கா."

எனக்கும்தான். சொல்லவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மூக்கு திறந்துவிட்டது. இரண்டும். நாலு நாளில் முதல்முறையாகக் காப்பி வாசனை. சந்தோஷப்பட வேண்டும்தானே? படவில்லை. சளி போனால் ரூமுக்குத் திரும்ப வேண்டும். அப்புறம் ஹால் ஏது, பேச்சு ஏது? மாவு காலி, கேஸ் புக், கட்டைவிரல். வீடும் பார்த்தாயிற்று, மார்ச்சில் போகிறார்கள், நேற்றுப் போர்வைக்குள் செல்வி சொன்னது.

குணமாவதற்கு வருத்தப்படுகிற பைத்தியம் டெல்லியில் நான் ஒருத்திதான்.

இவர் கேட்டார்: "இன்னைக்கு உள்ளயே படுத்துக்கிடுதியா?" இன்னும் சரியாகவில்லை என்று இரண்டு தடவை இருமிக் காட்டிவிட்டு ஹாலுக்குப் போனேன். செல்வி ஏற்கெனவே திவானில். விளக்கை அணைத்தேன். இன்னொரு தடவை இருமினேன்.

"அக்கா, இது நெச இருமல் இல்ல."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"எனக்கு நேத்தே சரியாப் போச்சு. நானும் சும்மாதான் வந்தேன்."

ஜனவரி 10, சனி

வெயில்! எல்லா வீட்டுப் பால்கனியிலும் பஞ்சு ரஜாய்ப் போர்வைகள். லீவு.

ஏழரை மணி. அடுப்படி. பால் பொங்கும் நேரம். செல்வி பக்கத்தில். ஃபோன் அவள் கையில்தான் இருந்தது, விரலும் நகர்ந்தது. பயம், இந்த வயதில், ஒரு ஓரகத்தியிடம் பேச. நானே வாயைத் திறந்தேன்.

"அந்த வீட்டை எனக்கு எப்ப காட்டப்போறே?"

ஃபோனை மேடைமேல் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பட்டப்பகல்.

"நாளைக்கு வாரீயளா?"

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. துடைத்தோம்.

ஜனவரி 11, ஞாயிறு

மெட்ரோவில் நோய்டா. ஒன்பதாவது மாடி. நல்ல வெளிச்சம், குழாயில் தண்ணீர் சுமார். ஒரு ரூமைக் காட்டி "இது நீங்களும் அண்ணனும் வந்தா" என்றான் முருகேசன். ஜன்னலைத் திறந்து மூடினேன்.

அடுப்படியில் செல்வி கேட்டாள்: "அடுப்பு எங்கன வைக்கலாம்க்கா?" இடதுபக்கம் என்றேன், காற்று வரும். வலதுபக்கம்தான் கைக்கு வசதி என்றாள். ஆறு வருஷம் இடதுபக்கம்தானே சமைத்தாய் என்றேன். அது உங்க வீடு, இது என் வீடு என்றாள். உங்க வீடா, என்ன பேச்சு இது என்றேன். கதவெல்லாம் திறந்திருந்தது. எதிர் ஃபிளாட் பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்தார். வீடு காட்ட வந்த புரோக்கர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தான். நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.