எட்டுக் கழுத்து, ஓர் அட்டிகை

1982 ஜனவரி 10, ஞாயிறு

இன்றிலிருந்து தமிழில்தான் எழுதப்போகிறேன். தங்கைக்கு மலையாளம் மட்டும்தான் வாசிக்க வரும். போன வருஷத்து நோட்டை எடுத்து, சாயா குடித்தபடி அம்மாவிடம் ஒப்பித்தவள் அவள். எனக்கும் தமிழில் பிழை வரும். வரட்டும்.

வாஞ்சிநாதன் சார் இன்று மாதிரிப் படத்தைப் பார்த்தார். பம்பாயில் படம் வரைந்து பேரெடுத்து, சம்பாதித்ததையெல்லாம் ஓர் அறக்கட்டளை ஆக்கி கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்குத் திரும்பியவர். அவர் தரும் உதவித்தொகையில்தான் திருப்பூணித்துறையில் ஓவியம் படிக்கிறேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தெருக்காரர்களோடு சேர்ந்து தெருவுக்கு ஒரு படம் வரைந்து கொடுக்க வேண்டும். அவருக்குப் பிடித்தால் அடுத்த வருஷமும் தொகை. பிடிக்காவிட்டால் அம்மாவோடு சுக்குக் கிடங்கில் முறம் பிடிக்க வேண்டியதுதான்.

அந்தக் கிடங்கின் வெளிச்சுவரில்தான் படம். சேட்டு சம்மதித்துவிட்டார். தன் கடைப் பெயர்மேல் பெயின்ட் படக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய கலைக்கொள்கை. கிடங்கில் சுக்கு பொறுக்கும் எட்டுப் பெண்களை வரைவதாக ஏற்பாடு. அம்மாவும் அதில் ஒருத்தி. குனிந்த முதுகு, முறம், வியர்வை எல்லாம் போட்டிருந்தேன்.

"இதாக்கும் படம்" என்றார் சார்.

ஜனவரி 12

எட்டுப் பேரிடமும் காட்டினேன். தாள் கை மாறிக் கை மாறிப் போனது. பிறகு ராக்கம்மாள் அத்தை, கிடங்கில் சேட்டுக்கு அடுத்த அதிகாரம் அவளுடையது, தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கோலத்தைத் தினம் பாக்கிறோமே மோளே. சுவத்தில வேற ஏத்தணுமா?"

பட்டுப்புடவை வேண்டுமாம். தலை நிறையப் பூ வேண்டுமாம். ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தால் எப்படி நிற்பார்களோ, அப்படி. வீரலட்சுமிக்குக் கையில் வாட்சும் பக்கத்தில் டிரான்சிஸ்டரும் வேண்டும். அவளிடம் இரண்டும் கிடையாது.

தெருக்காரர்களோடு சேர்ந்து என்று நிபந்தனை வைத்தவர் சார்தான். தெருக்காரர்களை அவர் சந்தித்ததில்லை போலிருக்கிறது.

ஜனவரி 17, ஞாயிறு

தோற்றுவிட்டேன். பட்டுப்புடவைதான். முதலில் ராக்கம்மாள் அத்தை சுவர் முன்னால் வந்து நின்றாள், அட்டிகையோடு. சிவப்புக் கல் வைத்தது, மாமியார் கொடுத்தது. எங்கள் சந்தில் தங்கம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். யார் கல்யாணமானாலும் இரவல் கொடுப்பாள். எப்படிக் குடித்தனம் நடத்துவது என்ற உபதேசம் இலவசம். வரைந்து முடித்ததும், வெயிலும் தூசியும் படாமல் சாக்கைக் கட்டி மூடினேன்.

ஜனவரி 31, ஞாயிறு

இன்று அம்மா. கழுத்தில் இரவல் வாங்கிய அதே அட்டிகை. போன வாரம் வந்தவளுக்கும் அதேதான். கண்முன் இருப்பதைத்தானே வரைய முடியும்? வரைந்தேன், மூடினேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வரையச் சொல்லி.

பிப்ரவரி 9

டிரான்சிஸ்டர் முடிந்தது. அதில் எந்த ஸ்டேஷன் பாடுகிறது என்று வீரலட்சுமி கேட்கிறாள்.

மார்ச் 7, ஞாயிறு

இன்று எல்லாச் சாக்கையும் ஒன்றாக அவிழ்த்தேன். என் அறிவை எதில் கொண்டுபோய் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஒருத்தியை வரையும்போது மற்றவர்கள் சாக்குக்குள் இருந்தார்கள். இப்போது எட்டுப் பேரும் வரிசையாக நிற்கிறார்கள். எட்டுக் கழுத்திலும் அதே அட்டிகை, அதே சிவப்புக் கல். பார்க்க வந்த சந்து முழுக்கச் சிரித்தது. மீன்காரன் சைக்கிளை நிறுத்தி, மொத்த விலைக்கு வாங்கினீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

ராக்கம்மாள் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தன்னுடைய பொருள் தன் கழுத்தில் மட்டும் இருக்க வேண்டும், மற்ற ஏழையும் அழி என்றாள். நகையை அழித்தால் ஆளையும் சேர்த்து அழி என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஏழில் என் அம்மாவும் உண்டு.

அடுத்த ஞாயிறு சார் பார்க்க வருகிறார்.

மார்ச் 10

கிடங்கில் யாரும் யாரோடும் பேசுறதில்ல. அம்மா எங்கிட்டயும் பேசுறதில்ல. நான் என்ன பண்ணுவேன்? பேசாம ஒரு பூந்தொட்டிய வரைஞ்சுட்டுப் போயிருக்கலாம்.

மார்ச் 13, சனி

அழித்துவிடுவது என்று முடிவு செய்து ஏணியோடு போனேன். ஒழுங்காக அழிக்கிறேனா என்று பார்க்க ராக்கம்மாள் அத்தை வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அம்மா கழுத்தருகே பிரஷைக் கொண்டுபோனேன்.

"உங்கம்மா காளிக்கு இருக்கட்டும். அவ கல்யாணத்துக்கு நான்தான் மாட்டிவிட்டேன். பின்ன இப்பக் கழட்டினா நல்லாயிருக்காது."

அடுத்தது வீரலட்சுமி. சித்திரை விஷு கழிந்து அவளுக்குக் கல்யாணம், அதனால் கூடாது. அடுத்தவள் பாவம், ஒன்றும் இல்லாதவள். அதற்கடுத்தவள் போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். இப்படியே ஒவ்வொருத்தியாக விடுதலை ஆகிக்கொண்டே போய், கடைசியில் காமாக்ஷி மிஞ்சினாள். பைப்படியில் அத்தைக்கும் அவளுக்கும் தினமும் சண்டை. சரி, இவள் தப்ப மாட்டாள் என்று பிரஷை நனைத்தேன். அத்தை வெகு நேரம் யோசித்தாள். காமாக்ஷிக்கு மட்டும் அழித்தால், ராக்கம்மாள் பழி வாங்கிவிட்டாள் என்று ஊர் பேசுமாம். அவளையும் விடச் சொன்னாள்.

ஏணியிலிருந்து இறங்கப் பார்த்தேன்.

"நில்லு. என்னோடதை அழி. எங்கிட்ட இருக்கறது ஊருக்கே தெரியும். சுவத்தில காட்டி என்ன ஆகணும்?"

அழித்தேன். அவள் ஏணியை ஆட்டாமல் பிடித்திருந்தாள்.

மார்ச் 14, ஞாயிறு

சார் வந்தார். பார்த்ததுமே முகம் விழுந்துவிட்டது. நகைக்கடைக் காலண்டர் என்றார். நகர்ந்துகொண்டே வந்தவர், ராக்கம்மாள் அத்தையின் படத்தருகே நின்றார். நின்றவர் அசையவில்லை.

"இவளை மட்டும் நெஜமா வரைஞ்சிருக்காய், குட்டி. பொட்டுத் தங்கம் இல்லாத கழுத்து. இதாக்கும் உழைப்பாளி. இது ஒண்ணு போறும் நேக்கு."

போதும் என்கிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வருஷம் என்னுடையது. மூடிக்கொண்டுதான் இருந்தேன், கொஞ்ச நேரம். அவருக்குப் பின்னால் பட்டுப்புடவையில், நிஜ அட்டிகையோடு அத்தை நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு முடியவில்லை. சார், எல்லார் கழுத்திலும் இருப்பது அந்த ஓர் அட்டிகைதான், அது இந்த அத்தையுடையது என்று சொல்லிவிட்டேன்.

சார் திரும்பினார். சுவரைப் பார்த்தார். மறுபடி அத்தையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் இல்லாதவ இல்ல, சாமி" என்றாள் அத்தை. "குடுத்தவ."

சார் சாயாவைக் குடித்தார், கிளம்பிவிட்டார். தொகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 15

அம்மா பேசினாள். பல்லைச் சரியாகத்தான் தள்ளியிருக்கிறேனாம்.

ஏப்ரல் 5

இப்போது ராக்கம்மாள் அத்தை தினமும் அட்டிகையோடுதான் வேலைக்கு வருகிறாள். ஊருக்கே தெரியும் என்றாயே என்று கேட்டேன். ஊருக்குத் தெரியும், பம்பாய்க்காரர்களுக்குத் தெரியவில்லையே என்கிறாள். சிவப்புக் கல் மேலெல்லாம் சுக்கை வெளுக்கப் பூசும் சுண்ணாம்பு.

பம்பாய்க்காரர் நான்கு நாளாகக் கிடங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவளை வரைகிறார். என்னைக் கண்டதும், ஜூனில் கல்லூரி திறந்ததும் போய்ச் சேர், தொகைக்குச் சொல்லியாயிற்று என்றார். இரண்டு வாக்கியம்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, கல்லில் அந்த மினுக்கு எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டார். வரைந்து காட்டினேன்.

வழக்கம்போல அத்தையை முறத்தின்மேல் நன்றாகக் குனியச் சொன்னார்.

"குனிஞ்சா அட்டிகை தெரியாது, சாமி."

சார் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பாதி முடிந்திருந்த தாளைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்த முதுகிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்.