கடைசியில் வரும் வண்டி

மே 10, செவ்வாய்

வண்டி இன்று ஆயிரம் மைல் முடித்தது. ஒரு தடவை கூட மக்கர் செய்யவில்லை. இருநூற்றைம்பது சிசி குரூசர், மலிவு விலை, பெயரைச் சொன்னால் இந்த ஒஹாயோவில் ஒருவருக்கும் தெரியாது. பெட்டியில் வந்து இறங்கியதை லோவெல் ஆம்ஸ்டட்ஸ் தன் கடையில், புல்வெட்டும் இயந்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்து தன் கையாலேயே பூட்டிக் கொடுத்தார். விவாகரத்தில் கார் மனைவியோடு போய்விட்டது. ஜன்னல் தொழிற்சாலைக்குப் போக வர முப்பத்து நாலு மைல். எனக்கு இது போதும்.

வாங்கிய அன்று லோவெல் சொன்னது: "ஒவ்வொரு போல்ட்டையும் ரெண்டு தரம் முறுக்கியிருக்கேன். அதுல கவலை வேண்டாம். ஆனா இதுல பெட்ரோல் முள்ளு கெடையாது. ரிசர்வ்ல விழுந்தா டேப்பத் திருப்பி ஓட்டு. பெட்ரோல் போட்ட கையோட பழையபடி திருப்பி வச்சிடு. மறந்தேன்னா அடுத்த தடவை சொல்லாமக் கொள்ளாம நின்னுடும்."

என்னை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார். எனக்கு வயது நாற்பத்தேழு. சொன்னேன்.

மே 22, ஞாயிறு

ஞாயிறு சவாரிக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது வண்டி. மற்ற எட்டும் யானைக்குட்டி மாதிரி வண்டிகள். ரெக்ஸ் டட்டில்தான் முன்னால் போகிறவன், எல்லாவற்றிலும். உணவகத்து வாசலில் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்னடா ட்வேன், தையல் மிஷினா? காலைல சாவி குடுத்து விட்டியா, இல்ல தள்ளிட்டே வந்தியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

என்னைப் பின்னால் விட்டார்கள். எனக்கும் பின்னால், கடைசியில், வெர்ல் ஸ்டக்கி. பின் சீட்டில் அவன் மனைவி நோரீன். கடைசி வண்டிக்கு ஒரு வேலை உண்டு: வழியில் யார் நின்றாலும் அது நிற்க வேண்டும். அவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வெர்ல் அதைப் பதினோரு வருடமாகச் செய்கிறான். பக்கப் பையில் ஸ்பேனர், கயிறு, கட்டுத்துணி எல்லாம் இருக்கிறது.

"அவனுங்க முன்னாடி போயி பூச்சியத் திங்கட்டும்டா," என்றான். "நாம பின்னாடி ஊரப் பாத்துட்டு வரலாம்."

அவன் ஒருவன்தான் வண்டியைக் கேலி செய்யவில்லை.

ஜூன் 4, சனி

ஓவர்டைம் முடிந்து வரும்போது ரிசர்வில் விழுந்தது. ஓட்டிக்கொண்டே டேப்பைத் திருப்பினேன். பங்கில் நிரப்பும்போது மழை பிடித்துக்கொண்டது, அப்படியே வீட்டுக்கு ஓட்டம். நாளைக்குச் சவாரி இல்லை என்று ரெக்ஸ் செய்தி அனுப்பிவிட்டான்.

ஜூன் 11, சனி

இந்த வாரம் நூற்று எழுபது மைல். இன்னும் ரிசர்வில் விழவில்லை. என்ன ஒரு கஞ்ச வண்டி. நாளை ரெக்ஸிடம் சொல்ல வேண்டும், அவன் யானை எத்தனை மைலுக்கு ஒரு தடவை குடிக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஜூன் 12, ஞாயிறு

வெர்ல் செத்துவிட்டான்.

ஜூன் 14, செவ்வாய்

எழுதினால் தூக்கம் வருமா பார்க்கிறேன்.

நெடுஞ்சாலையில் வண்டி இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. ஓரத்துக்கு உருட்டினேன். மற்றவர்கள் போய்விட்டார்கள், வெர்ல் நின்றான். நோரீன் அன்று வரவில்லை, அவள் தங்கை பேத்திக்கு ஞானஸ்நானம். வெர்ல் குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி அவன் தலையில்.

என் வண்டி கவிழ்ந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. லாரி ஓட்டியவன் சோளக் காட்டுக்குள் போய் நின்றுகொண்டு அழுதான். விசாரிக்க வந்த ஷெரீப் போலீசாரிடம் சொன்னேன், வண்டி மக்கர், திடீரென்று நின்றுவிட்டது என்று. எழுதிக்கொண்டார்கள். வண்டியை லோவெல் டிரெய்லரில் வந்து எடுத்துப் போனார்.

மக்கர். ஆமாம்.

ஜூன் 16, வியாழன்

அடக்கம். நோரீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்றாள்.

"'இந்தத் தகர டப்பாவ வித்துத் தொலைடா'ன்னான்," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நாலு நாளில் முதல் சிரிப்பு என்று அவள் தங்கை சொன்னாள். போதகர் அதைப் பீடத்திலிருந்து எல்லாருக்கும் சொன்னார். கோவில் முழுக்கச் சிரித்துக்கொண்டே அழுதது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 2, சனி

உணவகத்தில் லோவெல் உட்கார்ந்திருந்த மேஜையிலிருந்து இரண்டு பேர் எழுந்து வேறு மேஜைக்குப் போனார்கள். ரெக்ஸ் சத்தமாகவே சொன்னான்: "ஆளக் கொல்ற சாமானை விக்கிறவனுக்கு முட்டையும் காப்பியும் எப்படித்தான் எறங்குதோ." லோவெல் காப்பியை முடித்தார். என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

ஜூலை 19, செவ்வாய்

லோவெல் கடை ஜன்னலில் யாரோ சிவப்புச் சாயத்தில் வெர்லின் பெயரை எழுதியிருக்கிறார்கள். வாசலில் வரிசையாக நிற்கும் சின்ன குரூசர்கள் ஒன்றும் இல்லை. உள்ளே எடுத்துவிட்டார் போல. தொழிற்சாலையில் ஒருவன் சொன்னான், புல்வெட்டி பழுது பார்க்கக்கூட இப்போது ஊரில் அவரிடம் யாரும் போவதில்லையாம்.

நான் என்ன செய்ய. நான் ஒன்றும் அவரைப் பற்றிச் சொல்லவில்லையே. வண்டி நின்றது என்றுதான் சொன்னேன். நின்றது உண்மைதானே?

உண்மையா?

ஆகஸ்ட் 14, ஞாயிறு

வெர்ல் நினைவாகச் சவாரி. எண்பது வண்டிக்கு மேல் வந்தன. கிளம்பும் முன் ரெக்ஸ் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டான். தன்னுடைய பழைய பெரிய வண்டியைத் துடைத்து மெருகேற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சாவியை என் கையில் வைத்தான்.

"உன் தப்பு இல்லடா. மலிவா வாங்கினது ஒரு தப்பா? இனிமே நீ எங்கயும் நடு ரோட்டுல நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

கைதட்டினார்கள். நோரீன் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வரிசையில் கடைசிக்கு முன்னால் ஒரு இடம் காலியாக விட்டு எல்லாரும் ஓட்டினார்கள், அது வெர்லுக்கு. அந்தக் காலி இடத்துக்கு நேர் முன்னால் என்னை விட்டார்கள், மரியாதைக்காக. நாற்பது மைல் நான் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சாவியை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 15, திங்கள்

இந்த நோட்டிலும் பொய்தான் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை, அப்படியும் பொய். சீ.

நடந்தது இது. ஜூன் நாலு, மழையில் பெட்ரோல் போட்டுவிட்டு டேப்பைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். எட்டு நாள் ரிசர்விலேயே ஓட்டியிருக்கிறேன். அந்த ஞாயிறு காலை பங்கைத் தாண்டும்போது கூட, நேரமாகிவிட்டது, ரிசர்வ்தான் இருக்கிறதே என்று நினைத்தேன். நடுச் சாலையில் வண்டி இருமியபோது கையைக் கீழே கொண்டுபோனேன், டேப் ஏற்கெனவே ரிசர்வில் இருந்தது. அந்த நொடியே தெரிந்துவிட்டது. டாங்க் காலி. வண்டிமேல் குற்றமே இல்லை.

வெர்ல் இறங்கி வந்து முதலில் கேட்டது: "ரிசர்வ்ல போட்டுப் பாத்தியா?"

காலி என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து ரெக்ஸுக்குப் போன் போட்டிருப்போம். ரெக்ஸ் பெட்ரோல் வாங்கி வருவான். தையல் மிஷினுக்குத் தண்ணி காட்ட மறந்துட்டானே என்பான். இந்த வருஷம் முழுக்க அதையே சொல்வான். அதற்குப் பயந்து – ஒரு கேலிக்குப் பயந்து –

"போட்டாச்சு. காலைலதான் ஃபுல்லா நெறச்சேன். வண்டிதான் மக்கர்," என்றேன்.

நான் சொன்னால் அவன் நம்புவான். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பெட்ரோல் வருகிறதா பார்க்கிறேன் என்று டேப் பக்கம் போய் மண்டியிட்டான். டேப் இடப் பக்கம். சாலைப் பக்கம். நான் புல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

தகர டப்பா என்று அவன் சொல்லவே இல்லை. அதையும் நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

உடம்பு சரியில்லை என்று சவாரிக்குப் போகவில்லை. இரண்டு வாரமாகத் தொழிற்சாலைக்கு நடந்து கிளம்பிப் பாதியில் யார் வண்டியிலாவது ஏறிக்கொள்கிறேன். ரெக்ஸ் கொடுத்ததைத் தொட முடியவில்லை.

செப்டம்பர் 8, வியாழன்

லோவெல் கடை வாசலில் பலகை: மாதக் கடைசியோடு மூடப்படும்.

உள்ளே போனேன். என் வண்டி ஒரு மூலையில் நின்றது. நெளிந்த கைப்பிடியை நிமிர்த்தி வைத்திருந்தார். சொன்னேன். டேப், டாங்க், எல்லாம்.

அவர் கையிலிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டிரெய்லர்லேர்ந்து எறக்கும்போதே பாத்தேன். டேப் ரிசர்வ்ல இருக்கு. உள்ள சொட்டு இல்ல. கவுந்தப்ப ஒழுகியிருந்தா பெயிண்ட்ல கறை இருக்கும், அதுவும் இல்ல."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா என்ன சொல்வாங்க? செத்தவன் மேல ஏறி நின்னு தப்பிக்கப் பாக்கறான்னு சொல்வாங்க. நீயே வருவேன்னு நெனச்சேன்." துணியை மடித்து வைத்தார். "இவ்ளோ நாளாகும்னு நெனக்கல, ட்வேன்."

மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட வந்து என்ன பிரயோஜனம்? போக வேண்டிய வீட்டுக்குப் போ," என்றார்.

செப்டம்பர் 10, சனி

நோரீன் சமையலறையில் குளிர்காலத்துக்காகத் தக்காளியை ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காப்பி ஊற்றினாள். அந்தக் காப்பி ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். டேப்பை மட்டும் அல்ல. அவன் கேட்டது, நான் சொன்ன பதில், அவன் எந்தப் பக்கம் போய் மண்டியிட்டான் என்பது, எல்லாம்.

அடுப்பில் பெரிய பாத்திரத்தில் கொதிநீரில் ஜாடிகள் கடகடத்தன.

"ரிசர்வ்ல போட்டுப் பாத்தியான்னு கேட்டாரா?"

"கேட்டான்."

"கேட்டிருப்பாரு. வண்டி நின்னா மொதல்ல அதத்தான் கேப்பாரு. எங்கிட்டயே கேட்டிருக்காரு." ஒரு ஜாடியைத் துடைத்து வைத்து, "அப்ப அந்தத் தகர டப்பா?"

"அவன் சொல்லல. நான் சொன்னது."

அவள் முகத்தை நான் இனி எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமோ. புருஷனை எடுத்துக்கொண்டதோடு நில்லாமல் அவள் கையில் மிச்சம் இருந்ததையும் பிடுங்கிவிட்டேன்.

"கல்லறைக் கல்லுல அதப் பொறிக்கச் சொல்லியிருந்தேன்," என்றாள். "திங்கக்கெழம போன் பண்ணி வேண்டாம்னு சொல்லணும்."

பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஜாடியெல்லாம் மூடணும். நீ போ."

செப்டம்பர் 11, ஞாயிறு

உணவகத்தில் எல்லார் முன்னாலும் சொன்னேன். ரெக்ஸிடம் சாவியை நீட்டினேன். கையில் வாங்கவில்லை. "மேசைல வை," என்றான். வைத்தேன். அவன் வாயிலிருந்து ஒரு கேலி கூட வரவில்லை. ஒரு கேலிக்காக ஏங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்.

செப்டம்பர் 12, திங்கள்

ஷெரீப் அலுவலகம். திருத்தி எழுதிக்கொண்டார்கள். பெட்ரோல் தீர்வது குற்றம் இல்லையாம். பொய் சொன்னதற்கு ஒரு பார்வை மட்டும் கிடைத்தது.

அக்டோபர் 3, திங்கள்

லோவெல் பலகையை எடுத்துவிட்டார். ஆனால் சின்ன வண்டிகள் திரும்ப வாசலுக்கு வரவில்லை. என்னுடையதை நான் போய் ஓட்டி வந்தேன். முதல் உதையில் கிளம்பியது.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஏழு மாதமாக எழுத ஒன்றும் இல்லை. வேலை, வீடு. மளிகைக் கடையில் தெரிந்தவர்கள் என்னைக் கண்டதும் அடுத்த அலமாரி வரிசைக்குத் திரும்பிப் போகிறார்கள், அது பழகிவிட்டது.

இன்று வண்டி முதல் முறையாக நிஜமாகவே பழுதானது. ஊருக்குப் பன்னிரண்டு மைல் இருக்கும்போது கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. ஓரத்தில் நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சத்தம் கேட்டது. ஞாயிறு சவாரி. இந்த வருஷத்தின் முதல் சவாரி.

ரெக்ஸ் என்னைக் கடந்து போனான். தலை திரும்பவில்லை. அடுத்தவன், அதற்கு அடுத்தவன். ஏழு வண்டி. எதிரே வரும் முகம் தெரியாத வண்டிக்காரனுக்குக்கூட வணக்கமாகக் கையைத் தாழ்த்திக் காட்டுகிறவர்கள்.

எட்டாவது வண்டி வேகம் குறைந்தது. வெர்லின் வண்டி. ஓட்டியது நோரீன்.

நான் நின்ற இடத்தைத் தாண்டிப் போய், புல்லில் ஏற்றி நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பக்கப் பையில் வெர்லின் ஸ்பேனர்கள் கலகலத்தன.

"பெட்ரோலா?"

"இல்ல. கிளட்ச் கேபிள். டாங்க்ல பாதிக்கு மேல இருக்கு. திறந்து காட்டறேன்."

"காட்டு."

மூடியைத் திறந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். அறுந்து தொங்கிய கேபிளை நான் கையால் தூக்கிக் காட்டினேன். அது இடப் பக்கம், சாலைப் பக்கம். அவள் ஓர் அடி எடுத்து வைத்தவள் நின்றுவிட்டாள்.

"வண்டியப் புல்லுக்குத் தள்ளு," என்றாள். "நல்லா உள்ள. இன்னும். வேலி வரைக்கும்."

பள்ளத்தில் இறக்கி ஏற்றி வேலியோரம் வரை தள்ளினேன். அப்புறம்தான் வந்து கேபிளைப் பார்த்தாள். இங்கே சரி செய்ய முடியாது என்றாள். லோவெலுக்குப் போன் போட்டு டிரெய்லர் கொண்டுவரச் சொன்னாள்.

"நீங்க போங்க நோரீன். அவர் வர நேரமாகும். எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க."

"கடைசி வண்டி நான்," என்றாள்.

நான் வண்டிக்கு இந்தப் பக்கம், அவள் தூரத்தில் வேலிக் கம்பில் சாய்ந்துகொண்டு. நாற்பது நிமிஷம். லாரிகள் போகும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். லோவெலின் டிரெய்லர் வந்து நின்றதும் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.