களத்தில் வரைந்த கட்டங்கள்

அம்மா,

காலையில் அலமாரியைத் திறந்ததும் உன் வாசனை வந்தது. சூடான தூசியும் நாப்தலின் உருண்டையும் கலந்த வாசனை. மூன்று நாளாகக் கோடை மழை. மழை பிடித்தால் இந்த மலையில் எல்லா வீட்டிலும் அலமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, பட்டுப்புடவையையும் தோல் செருப்பையும் பூஞ்சை பிடிக்காமல் காப்பார்கள். நீ மட்டும் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தாய். நீ சமையல் வேலை பார்த்த பங்களாக்காரர்கள் பெங்களூருக்குக் குடிபோகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர். அதைத் தலைச்சுமையாக நீ கொண்டுவந்தபோது அப்பா, "இது எதுக்கு, கோழி அடைக்கவா?" என்று கேட்டார். நீ அலமாரிக்குள் பல்பை மாட்டினாய்.

"சும்மா மூடி வெச்சிருந்தாலும் பூஞ்சைதான் கண்ணு. அப்பப்பத் தொறந்து வேலை வாங்கோணும்" என்று என்னிடம் சொன்னாய். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று அப்போது நினைத்தேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்த சமயம் அது. எழுந்து நின்று வாசி என்பார்கள். எனக்கு வாய் திறக்காது. வகுப்பே சிரிக்கும். ஒருநாள் பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. அது கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாளும் ஏறவில்லை. அப்பா திட்டினார். நீ என்னைப் பார்த்தாய், புத்தகப் பையைப் பார்த்தாய், உள்ளே போய் எனக்கும் சேர்த்துக் களி கிண்டினாய். அதற்குப் பிறகு வீடு, காப்பிக்கொட்டை காயப்போடும் களம், தண்ணீர் பிடிக்கும் பைப்படி, மறுபடி வீடு. பனி இறங்கினால் களமும் தெரியாது. சன்னலில் வெள்ளைத் துணி கட்டிவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே நான் இருப்பேன்.

நம் முன்னறையை நீ சனி, ஞாயிறு வரும் வெளியூர்க்காரர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தாய். ஏரிப் பக்கம் நிற்கும் புரோக்கர்கள் யாரையாவது கூட்டிவந்து விடுவார்கள். அது உனக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டுக்கு வருகிறவர்கள் நம்மைத் தெரிந்து, நம்மைத் தேடி வர வேண்டும் என்பாய். அதற்கு இணையத்தில் நமக்கென்று ஒரு பக்கம் வேண்டும் என்று பங்களாவில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாய். எப்படிக் கட்டுவது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தோம். கண்டதெல்லாம் இங்கிலீஷில் இருந்தது, படித்தாலும் புரியவில்லை.

அப்படித் தேடும்போதுதான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற யாரும் வலைத்தளம் கட்டலாம், முன்னால் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், படத்தை இழுத்து வைத்து, தமிழிலேயே எழுதினால் போதும். அதற்கென்று ஒரு புதிய மென்பொருள் வருகிறது. கீழே ஒரே ஒரு வார்த்தை: விரைவில்.

என்னை வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன். உனக்கு மட்டும் வாசிக்கும்போது எனக்கு நாக்கு ஒட்டாது.

"விரைவில்னா எப்படி? நம்மூரு பஸ்ஸாட்டமா?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு அடுப்படியிலிருந்து தினம் ஒரு குரல் வரும்: "வந்துருச்சா கண்ணு?" நான் இல்லை என்பேன். "வரட்டும், நாம தயாராயிருக்கோணும்" என்பாய். நீ தயாரானதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. காப்பிக்கொட்டை காயப்போடாத மாதங்களில் சிமென்ட் களம் சும்மாதானே கிடக்கும். ஒருநாள் கோலமாவுக் கிண்ணத்தோடு போய்க் களம் முழுக்கப் பெரிய பெரிய கட்டமாகப் போட்டாய். முதல் கட்டம் வாசல். அடுத்தது அறை. அப்புறம் சாப்பாடு. அப்புறம் மலையேறி வருகிற வழி. ஒவ்வொரு கட்டமும் வலைத்தளத்தில் ஒரு பக்கம். நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சென்னையிலிருந்து வந்த அம்மாளாக மாறிவிடுவாய். வாசலில் நின்று, "எனக்கு ஊட்டுச் சாப்பாடு என்னன்னு தெரியோணும், நான் எந்தக் கட்டத்துக்குப் போகோணும்?" என்பாய். நான் கை காட்டுவேன். ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இல்லையென்றால் கோலமாவால் நடுவில் கோடு இழுப்பாய். பக்கத்துத் தோட்டத்துக்காரி வேலிக்கு அப்பால் நின்று, "என்னடி இது, ஆத்தாளும் மவளும் பாண்டியாடறீங்க? கல்லுத் தூக்கிப் போடட்டுமா?" என்று கேட்டாள். "போடு, ஆனா காலைக் கழுவிட்டு உள்ள வா. இது வலைத்தளம்" என்றாய்.

களத்தின் ஓரத்தில், பலா மரத்துக்குப் பக்கத்தில் கடைசிக் கட்டம். அது பேசுகிற கட்டம். பார்த்துப் பிடித்தவர்கள் போன் பண்ணுவதற்கு. போனுக்குச் சிக்னலும் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். நான் தெரியாமல் அதில் கால் வைத்ததும் என்னை நகர்த்தினாய்.

"இது என்னோடது. நீ எழுது, நான் பேசறேன். உனக்கு இதுல வேலையில்ல, பயப்படாத."

அந்த வார்த்தையில் நான் குளிர் காய்ந்தேன் அம்மா. உலகத்துக்கு முன்னால் ஒரு வாசலைத் திறக்கலாம், அதில் நான் நிற்க வேண்டியதில்லை.

உனக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் வந்தவர்கள் வெளியில் நிற்பார்களே என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கரண்டு போகிற ஊரில் வாசலை எப்படித் திறந்தே வைத்திருப்பது என்று இரண்டு பேரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தோம். மழை சீசனில் பக்கத்தைப் பூட்டி, 'பங்குனியில் வாருங்கள்' என்று பலகை தொங்கவிட்டுவிடலாம் என்று நீதான் முடிவு சொன்னாய்.

ஆவணி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. இறங்கவே இல்லை. ஜீப்பில் உன்னைக் கீழே கொண்டுபோனபோது மலைப்பாதை முழுக்கப் பனி, முன்விளக்குக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஜீப்பில் ஏறும்போது, "பல்பு எரியுதா பாரு" என்றாய். சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை. களத்துக் கட்டங்களை அதற்கு முன்பே மழை கழுவிவிட்டிருந்தது.

அதன் பிறகு முன்னறைக்கு யாரும் வரவில்லை. இரண்டு முறை புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்தார். என்ன கேட்டாலும் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர்களே போய்விட்டார்கள். அப்பா எஸ்டேட்டில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் மெஷின் வேலைக்கு விடியலில் போனால் சாயங்காலம்தான் வருவார். நாள் முழுக்க என்னோடு பேசியது அலமாரிக்குள் எரிந்த பல்பு மட்டும்தான்.

தை மாதம் சேலத்திலிருந்து அத்தை வந்தார். அவர் வீட்டில் கொலுசுப் பட்டறை இருக்கிறது, உனக்குத் தெரியுமே. இடுக்குச் சந்தில், சன்னல் இல்லாத அறையில் பெண்கள் குனிந்து முத்து கோப்பார்கள்.

"வாயில்லாத புள்ளைக்குப் பட்டறைதான் சரி. அங்க வாய் வேண்டாம், கை போதும்" என்றார் அத்தை.

அப்பா மறுக்கவில்லை. சித்திரை வரை பார்க்கலாம் என்றார். சீசனுக்குள் முன்னறைக்கு ஆள் வந்தால் நான் இங்கே இருக்கலாம், வராவிட்டால் அறையை எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் குடிவிட்டுவிட்டு என்னைச் சேலத்துக்கு அனுப்புவது என்று என் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். "வர்றவங்ககிட்ட யாரு பேசறது? நீ பேசுவியா?" என்று அப்பா என்னைக் கேட்டார். கோபமாகக் கூட இல்லை. இந்த வீட்டிலிருந்து அந்தப் பட்டறைக்கு. ஒரு பெட்டியிலிருந்து எடுத்து இன்னொரு பெட்டியில் வைப்பது போல.

மாசியில் ஒருநாள் பழக்கத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'விரைவில்' இருந்த இடத்தில் 'தொடங்குங்கள்' என்று இருந்தது.

வந்துருச்சு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுப்படியில் யாரும் இல்லை.

அறிவிப்பில் சொன்னது பொய்யில்லை அம்மா. அவ்வளவு சுலபமாக இருந்தது. நீ களத்தில் போட்ட வரிசையிலேயே கட்டினேன்: வாசல், அறை, சாப்பாடு, வழி. முந்தின வருடம் வந்து தங்கிய குடும்பம் எடுத்து அனுப்பிய படம் ஒன்று இருந்ததே, கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு நீ சிரிக்கிற படம், அதை வாசலில் வைத்தேன். எங்கேயும் சிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் சிக்கினேன். தொடர்பு எண் என்று ஒரு காலிக் கட்டம். அதை நிரப்பாமல் வெளியிட முடியாது என்றது.

உன் கட்டம்.

பல நாள் அப்படியே மூடி மூடி வைத்தேன். அப்பாவின் எண்ணைப் போடலாம் என்றால், பல்ப்பர் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது. கடைசியில் உன் எண்ணையே போட்டேன். வேறு எந்த எண்ணும் அதில் பொருந்தவில்லை. உன் போன் உன் படத்துக்குப் பக்கத்தில் அணைந்து கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்ததும், "ரீசார்ஜ் கார்டு போட்டுட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

வெளியிட்ட பிறகு, உன் பேச்சை நம்பிக் கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. பிறகு ஒரு மத்தியானம் கரண்டு போனது. வாசல் மூடிவிட்டதே என்று பதறி, அப்பா அன்றைக்கு வீட்டில் விட்டுப்போயிருந்த போனில் பார்த்தேன். பக்கம் அப்படியே இருந்தது. திரை கறுத்து, பல்பும் அணைந்து, நான் இருட்டு அறையில் நிற்கிறேன். நீ வெளியே வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். நாம் அணைத்தாலும் அது மூடாது அம்மா. இதை உன்னிடம் சொல்லத்தான் முதலில் ஓடினேன், அடுப்படி வரை.

பங்குனி கடைசியில் உன் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு அம்மாள், சென்னையிலிருந்து. ஹலோ, ஹலோ என்கிறார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. களத்துக்கு ஓடினேன். கொட்டை அள்ளி முடித்த களம் காலியாகக் கிடந்தது. பலா மரத்துக்குப் பக்கத்தில், உன் கட்டம் இருந்த இடத்தில் போய் நின்றேன். அங்கே நின்று நீ எப்படிப் போனை எடுப்பாய் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வந்தது.

"சொல்லுங்க சாமி" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "அப்பாடா, கேக்குதா? நாங்க நாலு பேர் வரோம். படத்துல இருக்கற அம்மாதானே பேசறது? அவங்க முகத்தப் பாத்துதான் போன் பண்ணேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், எதுவும் விளக்க வேண்டாம். மூச்சை இழுத்தேன்.

"இல்லைங்க. அவங்க பொண்ணு பேசறனுங்க."

அதற்கு மேல் அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். குரங்கு வருமா என்றார், வருமுங்க என்றேன். நீ இல்லை என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர், "நீ சமைப்பியாம்மா?" என்று கேட்டார்.

நாளைக்கு வருகிறார்கள். அப்பா முன்னறைக் கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார். அத்தைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை, பட்டறை அங்கேயேதான் இருக்கிறது. இன்றைக்கும் பனி சன்னலை மூடித்தான் இருக்கிறது. கேழ்வரகு அரைத்து வைத்துவிட்டேன். மழை விட்டால் காலையில் களத்தில் அந்தப் பேசுகிற கட்டத்தை மட்டும் போடுவேன். உன் அளவுக்கு, என் காலும் கொள்ளும்படி.