ஓரகத்தி கட்டிய மாடி

என் பிரியமான மாமா, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கேளுங்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் தம்பி மாடி கட்டிவிட்டார். அரியலூரிலிருந்து டைல்ஸ் இறக்கி, வெளிச்சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குத் தன் பங்கு முந்திரிக் கொல்லையைக் கொடுத்த காசு. புது வீட்டில் குடிபுகுந்த அன்று என் ஓரகத்தி மல்லிகா ஒவ்வொரு அறையாக அழைத்துப்போய்க் காட்டினாள். சிரித்துக்கொண்டே பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை.

நினைவிருக்கிறதா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து, கொல்லையைத் தர மாட்டோம் என்றதும் தெருவே உங்களோடு எழுந்து நின்றது. எவ்வளவு விலை ஏற்றியும் உங்கள் தம்பியைத் தவிர யாரும் அசையவில்லை. விலையால் முடியாததை அந்த மாடி முடித்துவிட்டது. அது எழும்ப எழும்ப ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். பட்டினியில் யாரும் கொடுக்கவில்லை, மாமா. பக்கத்து வீட்டைவிடத் தாழ்ந்துவிடுவோமோ என்ற பயத்தில் கொடுத்தார்கள். உங்களை வார்டு மெம்பராக்கிய அதே சனம், இந்த முறை உங்கள் தம்பியை ஜெயிக்கவைத்தது. தன் வீட்டை உசத்தியவர் ஊரையும் உசத்துவாராம்.

போன வாரம் நிலத் தரகர் என்னிடம் வந்தார். விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

"மாடியில நின்னா ஒங்க ஓட்டு வூடுதாம்மா மொதல்ல கண்ணுல படுது" என்றார்.

எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மறுநாள் வரச் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடத்தான்.

அன்று சாயங்காலம் கொல்லையில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன். மல்லிகா வந்தாள். எதுவும் கேட்காமல் குனிந்து அவளும் பொறுக்க ஆரம்பித்தாள். கூடை பாதி நிறைந்ததும் சொன்னாள்.

"ஒன்னயப் பாத்தா வயிறு எரியுதுக்கா. காலையில எந்திரிச்சா போறதுக்கு ஒனக்கு ஒரு எடம் இருக்கு. நான் படியில ஏறி எறங்கிக்கிட்டுக் கெடக்குறேன்."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறதே என்று உள்ளுக்குள் இனித்தது, மாமா. மறுநாள் தரகரை வெறுங்கையோடு அனுப்பினேன். உங்கள் பேச்சைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஊர் மெச்சுகிறது. அவரைத் திருப்பி அனுப்பியது அந்த இனிப்புதான் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நல்லது இப்படியும் நடக்குமா?

மல்லிகா இப்போது தினமும் கொல்லைக்கு வருகிறாள். வராதே என்று சொல்ல மனமில்லை. வாய் நிறைய வா என்று கூப்பிடவும் இன்னும் மனம் வரவில்லை. ஒருநாள் கூப்பிடுவேன். அவள் வந்து குனிவதற்கு நிலம் வேண்டுமே, அதனால் நான் இருக்கும்வரை கொல்லை கைமாறாது. இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் கைப்பிடித்து வந்தவள்,
தனம்