தனித்தனியாக எரியும் மூன்று பல்புகள்

அடியே கரண்டு,

என் விரல் நுனியில் சால்டரிங் புகை வாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மீன் கழுவிய கைகூட இவ்வளவு அடம் பிடித்ததில்லை. மந்தைவெளியில் வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, வேனுக்குள் டாஷ்போர்டு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு, இன்று நானே ஈயத்தை உருக்கிப் பற்றவைத்தேன். ஆமாம், நானேதான். எங்கே இருந்தாலும் சிரிக்காதே.

உன்னை மயானத்துக்குக் கொண்டுபோனதிலிருந்து நான் வண்டிச் சாவியைத் தொடவில்லை. அதைப் பார்த்து என் தம்பி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இன்று காலை வண்டி வாங்க ஓர் ஆளையே கூட்டி வந்து நிறுத்தினான். கொஞ்சமாவது கேட்கிற என் இடது காதுப் பக்கம் வந்து, "அதான் அவுங்களே பூட்டாங்களே, இனி இந்த ஒயர எல்லாம் யாரு பாக்கறது? வண்டிய தள்ளிட்டு வூட்ல குந்துக்கா" என்றான். இந்த மாதிரிப் பேச்செல்லாம் மட்டும் எனக்கு எப்படித்தான் கேட்டுத் தொலைக்கிறதோ!

அவனுக்கு இது புதுப் பாட்டு இல்லை. உனக்கு நினைவிருக்கும்.

அப்போது நீ வடபழனி மண்டபங்களுக்கு சீரியல் செட் கட்டிக்கொண்டிருந்தாய். உன் விளக்கு மூட்டைகளை ஏற்றி இறக்குவது என் வேனின் பிழைப்பு. என் காது அப்போதே மெல்ல மந்தமாகிக்கொண்டு வந்தது. ரேடியேட்டர் சூடானால் கத்துவதற்கென்று மெக்கானிக் ஒரு பஸ்ஸர் வைத்திருந்தார். ஒரு நாள் கோடம்பாக்கம் பாலத்தின் மேல் அது தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. நானோ வெளியே போஸ்டர் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பக்கத்தில் பைக்கில் வந்தவர் கதவைத் தட்டி, "யம்மா, வண்டி கத்திக்கினு கீதே, காதுல வுழல?" என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நானே இட்லியாக வெந்திருப்பேன்.

அப்போது வண்டி தம்பி பேரில் இருந்தது, பிறகுதான் என் பேருக்கு மாறியது. "காது கேக்காத பொம்பளைக்கு ஸ்டியரிங் எதுக்கு? வித்துடலாம்" என்றான். விற்றிருந்தால் அவன் வீட்டு அடுப்படியில் ஒரு மூலைதான் எனக்கு மிச்சம். நீதான் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாய்: "காது இல்லனா இன்னாடி? காதுக்குக் கத்தறத கண்ணுக்குக் காட்டிட்டா போச்சு."

உடனே ஒரு சீரியல் செட்டிலிருந்து நான்கு நீல பல்புகளை வெட்டி எடுத்தாய். "ஒண்ணு மூணு வோல்ட்டு தாங்கும். பேட்டரி பன்னெண்டு. நாலையும் வரிசையா கோத்தா ஆளுக்கு மூணு. கணக்கு முடிஞ்சிச்சி." எச்சரிக்கைக்கு எவளாவது நீல விளக்கு வைப்பாளா என்றேன். "உம் மூஞ்சிக்கு செவப்பு ஒத்து வராது" என்றாய். மாட்டினாய். நான்கும் அம்மன் ஊர்வலம் மாதிரி ஜொலித்தன. நான் தலைகால் புரியாமல், "அம்மன் ஊர்வலம் பாருடா" என்று தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு, "வண்டிய ஸ்டார்ட் பண்ணு பாக்கலாம்" என்றான்.

சாவியைத் திருப்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். நீலம் கண் கூசுகிற அளவுக்கு ஏறியது. அதில் ஒன்று செத்தது, நான்கும் இருட்டு.

"இன்னாக்கா, சாமி அதுக்குள்ள கோயிலுக்குத் திரும்பிடுச்சா?"

அவன் போன பிறகு நாம் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். "ஆக்ஸிலேட்டர மிதிச்சா ஹெட்லைட்டே முழிச்சிப் பாக்குது. ஓடற வண்டி பன்னெண்டுல நிக்குமாடி?" என்று கத்தினேன். நீ வோல்ட் மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தாய். வண்டி ஓடும்போது பதினாலையும் தாண்டியது முள். செத்த பல்பை வெட்டி எடுத்துப் பார்த்தாய். அப்புறம் சொன்னாய்:

"தப்பு வோல்ட்டுல மட்டும் இல்லடி. ஒண்ணு பூட்டா நாலும் பூடுது. பந்தலுக்கு அது ஓகே. உனக்கு ஆவாது."

மறுநாள் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். இந்த முறை பேட்டரியின் பன்னிரண்டை விட்டுவிட்டு, வண்டி ஓடும்போது ஏறுகிற பதினாலரைக்குக் கணக்குப் போட்டாய். பல்பு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. இது என்ன கிழிக்கும் என்று கேட்டேன். "கரண்டு தடதடன்னு உள்ள வராம, வாசல்லயே செருப்ப கழட்டிட்டு வர வெக்கும்" என்றாய். சூட்டுக்குச் சிவப்பு, பின்கதவு திறந்திருந்தால் மஞ்சள், இண்டிகேட்டரை அணைக்க மறந்தால் பச்சை. ஒயரை ஃபியூஸுக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் குழாயை ஏற்றினாய். நான் டார்ச் பிடித்தேன். கை ஆடியதற்குத் திட்டு வாங்கினேன்.

அடுத்த சவாரிக்குத் தம்பி வேவு பார்க்கப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நீ பின்னால் மூட்டைகளுக்கு நடுவே. தி.நகர் நெரிசலில் வண்டி சூடேறியது. பஸ்ஸர் சத்தம் கேட்டு அவன் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தான். அதற்குள் நான் சிவப்பைப் பார்த்து, ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். மூட்டைக்குள்ளிருந்து உன் குரல்: "இன்னா தம்பி, சாமி ஊர்வலம் எப்டி?"

அன்றைக்கு அடங்கியவன்தான், இன்று ஆளோடு வந்து நிற்கிறான். சொல்கிறேன் கேள், நானும் பாதி ஒத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய். இந்த வண்டியில் யாரைத் திட்டிக்கொண்டு ஓட்டுவது? வாங்க வந்தவருக்குக் காட்டுவதற்காகச் சாவியைத் திருப்பினேன். அவர் பின்கதவைத் திறந்தார். மஞ்சள் எரியவில்லை.

"பாத்தியா? அதுவும் பூட்ச்சி" என்றான் தம்பி.

கை தானாகப் போய் இண்டிகேட்டரைத் தட்டியது. பச்சை மினுக், மினுக் என்றது. பக்கத்தில் ஒன்று இருண்டு கிடக்கிறதே என்ற கவலையே இல்லாமல், தன் பாட்டுக்கு மினுக்கியது. நீ அப்படித்தானே கட்டினாய்? ஒன்று போனால் மற்றதும் போகக்கூடாது என்றுதானே ரிச்சி தெரு வரை என்னை இழுத்துக்கொண்டு போனாய்?

"வண்டி விக்கறதுக்கு இல்ல சார்" என்றேன்.

"யக்கா! ஒயர யாரு பாப்பா?"

"நான் பாப்பேன்டா. நகரு, வெளிச்சத்த மறைக்காத."

நீ சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுப் போன சால்டரிங் கம்பியை எடுத்தேன். பல்பு சாகவில்லை. ரெசிஸ்டரின் ஒரு கால்தான் விட்டுப்போயிருந்தது. உன் பற்றவைப்புதான், ரொம்பப் பெருமையடித்துக்கொள்ளாதே. விரலை ஓர் இடத்தில் சுட்டுக்கொண்டேன். நான் வைத்த ஈயம் கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் பின்கதவைத் திறந்தால் மஞ்சள் எரிகிறது. தம்பியையே மூன்று முறை திறந்து மூடச் சொன்னேன். மூன்று முறையும் எரிந்தது. நான்காவது தடவையும் திறக்க வைத்தேன், அவன் முகத்தைப் பார்ப்பதற்காக.

நாளை வடபழனியில் ஒரு கல்யாணம். உன் செட்டுகளை உன் தங்கச்சி கட்டுகிறாள், நான் ஏற்றிக்கொண்டு போகிறேன். நீ உட்காரும் இடத்தில் மூட்டை வைக்க மாட்டேன். துக்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதை வாசலிலேயே செருப்பைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் வண்டிக்குள் விடுவேன்.

நீ அணைந்துவிட்டாய். நான் எரிவேன்டி.